மைக்ரோவேவ் பெருக்கிக்கு இரைச்சல் குறைந்த பயாஸ் மின்வழங்கி: முதல்முறை கட்டுபவர்களுக்கு

மொட்டைமாடி டிஷ்ஷின் மூக்கில் இருக்கும், சிக்னலை வாங்கிப் பெருக்கும் பெட்டியான எல்என்பி-யைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது நான்கு கால்கள் கொண்ட குட்டி டிரான்சிஸ்டர்கள். காலியம் ஆர்சனைடில் செய்த ஹெம்ட் (HEMT) வகை: கேட் காலின் மின்னழுத்தம், டிரெயின் காலிலிருந்து சோர்ஸ் காலுக்கு ஓடும் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும். 12 கிகாஹெர்ட்ஸில் அரை டெசிபெல்லுக்கும் குறைவான இரைச்சலோடு செயற்கைக்கோள் சிக்னலைப் பெருக்குவது இவைதான். ஒவ்வொன்றுக்கும் தேவைப்படுவது டிரெயினில் 2 வோல்ட், 10 மில்லியாம்பியர், கேட்டில் அரை வோல்ட்டுக்குக் கொஞ்சம் குறைவான நெகடிவ் மின்னழுத்தம். கேபிள் வழியாக வருவதோ 13 அல்லது 18 வோல்ட், அதன் மேல் 22 கிலோஹெர்ட்ஸ் டோன் வேறு. இந்த முரட்டு மின்சாரத்திலிருந்து டிரான்சிஸ்டருக்குப் பிடித்த அமைதியான பயாஸை, அதாவது அது வேலை செய்யத் தேவையான நிலையான மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும், உண்டாக்க உள்ளே தனியாக ஒரு சிப் இருக்கும். அந்தச் சிப் செய்யும் வேலையைச் சாதாரண உதிரிபாகங்களை வைத்து நாமே கட்டுவதுதான் இங்கே நோக்கம். எடுத்துக்கொள்ளும் உதாரணம்: 10 கிகாஹெர்ட்ஸுக்கான ஒற்றை நிலைப் பெருக்கி, டிரெயினில் 2 வோல்ட், 10 மில்லியாம்பியர்.

முதலில் கணக்கு, அப்புறம் கடை

புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் நேராகப் போய் மிகக் குறைந்த இரைச்சல் கொண்ட ரெகுலேட்டர் சிப்பை வாங்கிவிடுகிறார்கள். எவ்வளவு அமைதி வேண்டும் என்று தெரியாமல் வாங்குவதில் அர்த்தமில்லை.

பயாஸில் இருக்கும் சில கிலோஹெர்ட்ஸ் இரைச்சல் நேரடியாக 10 கிகாஹெர்ட்ஸ் சிக்னலோடு கூடிவிடாது. அதனால் சேரும் இரைச்சலை அளக்கும் நாய்ஸ் ஃபிகர் மீட்டரில் பெருக்கி பெரும்பாலும் நன்றாகவே தெரியும். நடப்பது வேறு. கேட் மின்னழுத்தம் ஆடினால் டிரான்சிஸ்டரின் பெருக்கமும் ஃபேஸும் சேர்ந்து ஆடும். பெருக்கி வழியாகப் போகும் ஒவ்வொரு சிக்னலின் இருபுறமும் அந்த ஆட்டம் பக்கப்பட்டைகளாக ஒட்டிக்கொள்ளும்.

நம் டிரான்சிஸ்டரின் டிரான்ஸ்கண்டக்டன்ஸ் 50 மில்லிசீமன்ஸ் என்று வைத்துக்கொள்வோம். கேட்டில் 1 மில்லிவோல்ட் மாறினால் டிரெயின் மின்னோட்டம் 50 மைக்ரோஆம்பியர், அதாவது 10 மில்லியாம்பியரில் 0.5% மாறும். அதனால் மின்னழுத்தப் பெருக்கம் 0.3% மாறும் என்று எடுத்துக்கொள்ளலாம். சாதனத்துக்குச் சாதனம் இது வேறுபடும், ஆனால் தொடங்குவதற்குப் போதும். அந்த 1 மில்லிவோல்ட் சைன் அலையாக ஆடினால் பக்கப்பட்டை கேரியரைவிட (மூல சிக்னலைவிட) ஏறக்குறைய 56 டெசிபெல் கீழே நிற்கும். ஆட்டம் 10 மைக்ரோவோல்ட்டாகக் குறைந்தால் 96 டெசிபெல் கீழே போகும். பலவீனமான சிக்னலைக் கேட்கும் ரிசீவருக்கு இது தாராளம். ரிசீவருக்குள்ளேயே அலையை உண்டாக்கும் லோக்கல் ஆஸிலேட்டர் வரிசையில் வரும் பெருக்கி என்றால் இன்னும் கறாராக இருக்க வேண்டியிருக்கும்.

வானொலி வானியலுக்கான ரேடியோமீட்டர் (வானத்திலிருந்து வரும் இரைச்சலின் அளவை அளக்கும் கருவி) கட்டுபவர்களின் கதை தனி. 100 மெகாஹெர்ட்ஸ் பட்டையகலத்தில் ஒரு வினாடி சராசரி எடுத்தால், தவிர்க்க முடியாத ஏற்ற இறக்கம் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான். பெருக்கியின் பவர் பெருக்கம் அதைவிட அதிகமாக ஆடினால் உங்கள் பொறுமைக்குப் பலனே இல்லை. மேலே போட்ட கணக்கின்படி, வினாடிக் கணக்கில் கேட் மின்னழுத்தம் 15 மைக்ரோவோல்ட் அளவுக்குள் நிற்க வேண்டும். பிரபஞ்சப் பின்னணிக் கதிர்வீச்சை அளக்க 2001-இல் ஏவிய டபிள்யூமேப் விண்கலத்தில் வானத்தின் இரு திசைகளை ஒப்பிட்டுக்கொண்டே, வினாடிக்கு 2,500 தடவை ஃபேஸை மாற்றி மாற்றி அளந்ததற்குக் காரணம் ஹெம்ட் பெருக்கிகளின் இந்த மெதுவான ஆட்டம்தான்.

ஆக நம் இலக்கு: கேட்டில் 10 மைக்ரோவோல்ட்டுக்குள். எழுதி மேஜையில் ஒட்டிவையுங்கள். இனி எடுக்கும் ஒவ்வொரு முடிவையும் இந்த எண்ணோடுதான் ஒப்பிடப் போகிறோம்.

பயாஸ் வளையம்

மின்வழங்கியிலிருந்து தொடங்காமல் டிரான்சிஸ்டருக்குப் பக்கத்திலிருந்து பின்னோக்கி வருவது நல்லது. ஹெம்ட்கள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதில்லை. ஒரே ரீலில் வந்த இரண்டுக்குக்கூட 10 மில்லியாம்பியர் கிடைக்கும் கேட் மின்னழுத்தம் வேறுவேறாக இருக்கும். டிரிம்பாட் வைத்துத் திருகலாம், ஆனால் வெயில் ஏறினால் மறுபடி திருக வேண்டும். அதற்குப் பதில் ஒரே ஒரு பிஎன்பி டிரான்சிஸ்டரிடம் வேலையை ஒப்படைத்துவிடலாம். பிசி557 போதும்.

இணைப்பு இப்படி. 5 வோல்ட்டிலிருந்து 270 ஓம் ரெசிஸ்டர் வருகிறது. அதன் மறுமுனையில் பிஎன்பி-யின் எமிட்டர், அதே புள்ளியிலிருந்து ஹெம்டின் டிரெயினுக்கு இணைப்பு. பிஎன்பி-யின் பேஸுக்கு 5 வோல்ட்டிலிருந்து 2.7 கிலோஓம், பூமிக்கு 1 கிலோஓம். பேஸ் 1.35 வோல்ட்டில் நிற்கும். எமிட்டர் அதைவிட 0.65 மேலே, சரியாக 2 வோல்ட். 270 ஓமில் மிச்சம் விழுவது 3 வோல்ட், ஆகவே அதன் வழியே ஓடுவது 11 மில்லியாம்பியர். பிஎன்பி-யின் கலெக்டரிலிருந்து நெகடிவ் 5 வோல்ட்டுக்கு 4.7 கிலோஓம். அந்தக் கலெக்டர் புள்ளியிலிருந்து 1 கிலோஓம் வழியாகக் கேட்டுக்கு. கேட் ஏறக்குறைய நெகடிவ் 0.4 வோல்ட்டில் இருக்கும்போது 4.7 கிலோஓமில் ஓடுவது 1 மில்லியாம்பியர். 11-இல் 1 போனால் டிரெயினுக்கு 10.

ஹெம்ட் அதிகம் இழுக்கப் பார்த்தால் எமிட்டர் மின்னழுத்தம் சரியும், பிஎன்பி-யின் மின்னோட்டம் குறையும், கேட் இன்னும் நெகடிவ் பக்கம் போகும், ஹெம்ட் அடங்கும். எந்த ஹெம்டைப் போட்டாலும் 2 வோல்ட், 10 மில்லியாம்பியரில் தானாகவே வந்து உட்காரும்.

பலரும் தடுக்கி விழும் இடம் ஒன்று இங்கே இருக்கிறது. இது ஒரு பின்னூட்ட வளையம். இதன் பெருக்கம் ஏறக்குறைய 170. ஊசலாடாமல் இருக்க வேண்டும் என்றால் ஒரே ஒரு கெப்பாசிட்டர்தான் வேகத்தை முடிவு செய்ய வேண்டும், மற்றவை எல்லாம் மிகச் சிறியதாக இருக்க வேண்டும். கலெக்டர் புள்ளியிலிருந்து பூமிக்கு 1 மைக்ரோஃபாரட் வையுங்கள். டிரெயின் புள்ளியில் 0.1 மைக்ரோஃபாரட்டுக்கு மேல் போகாதீர்கள். இரைச்சல் குறையட்டும் என்று டிரெயினில் 100 மைக்ரோஃபாரட் எலக்ட்ரோலிட்டிக்கைப் போட்டால் வளையம் 600 ஹெர்ட்ஸ் பக்கத்தில் மணி அடித்ததுபோல் அதிரத் தொடங்கிவிடும், இருந்ததைவிட மோசமாகும். பெரிய கெப்பாசிட்டரை எங்காவது வைத்தே தீர வேண்டும் என்றால் 270 ஓமுக்கு முன்னால், 5 வோல்ட் பக்கம் வையுங்கள். அங்கே எவ்வளவு பெரியது வேண்டுமானாலும் இருக்கலாம்.

அந்த 1 மைக்ரோஃபாரட் எந்த வகை என்பதும் முக்கியம். எக்ஸ்7ஆர் செராமிக் வேண்டாம். அந்தச் செராமிக் அழுத்தத்துக்கு மின்சாரம் தரும் தன்மை கொண்டது. போர்டை விரலால் தட்டினால் கேட்டில் மில்லிவோல்ட் குதிக்கும், பக்கத்தில் ஃபேன் ஓடினால் அதுவும் சிக்னலில் கேட்கும். பெட்டி வடிவ பாலியெஸ்டர் ஃபிலிம் கெப்பாசிட்டர் சில ரூபாய்தான். கேட்டுக்குப் பக்கத்தில் 1 நானோஃபாரட் வைப்பதற்கு மட்டும் சி0ஜி செராமிக்கைப் பயன்படுத்தலாம், அது தட்டினாலும் அசையாது.

கடைசியாக, கலெக்டர் புள்ளியிலிருந்து பூமிக்கு ஒரு ஷாட்கி டயோடு, பேட்85 போல ஒன்று, ஆனோடு கலெக்டர் பக்கம் இருக்குமாறு. வழக்கமான நிலையில் அங்கே நெகடிவ் மின்னழுத்தம்தான், டயோடு தூங்கும். நெகடிவ் வழங்கி செத்துப்போனால் பிஎன்பி கேட்டைப் பாசிடிவ் பக்கம் இழுக்கப் பார்க்கும், அப்போது டயோடு 0.4 வோல்ட்டில் பிடித்து நிறுத்தும். சிறிய ஹெம்டின் கேட் தாங்கும் மின்னோட்டம் மில்லியாம்பியரில் ஒரு சிறு பங்குதான், அதனால் இந்த டயோடை விடவே விடாதீர்கள்.

5 வோல்ட்: எது போதும்?

5 வோல்ட்டில் 1 மில்லிவோல்ட் ஆடினால் அது 270 ஓம் வழியாக 3 அல்லது 4 மைக்ரோஆம்பியராக மாறும், அதாவது மின்னோட்டத்தில் 0.03 முதல் 0.04%. கேட்டில் அதே 1 மில்லிவோல்ட் செய்தது 0.5%. எனவே 5 வோல்ட் பக்கம் நமக்குப் பத்து மடங்குக்கும் மேலே சலுகை கிடைக்கிறது.

எல்எம்317-இன் இரைச்சல் வெளியீட்டு மின்னழுத்தத்தில் 0.003% என்று அதன் டேட்டாஷீட் சொல்கிறது. 5 வோல்ட்டுக்கு 150 மைக்ரோவோல்ட், 10 ஹெர்ட்ஸிலிருந்து 10 கிலோஹெர்ட்ஸ் வரை. நம் வளையத்தில் இது கேட்டில் 10 மைக்ரோவோல்ட் போட்டதற்குச் சமம். அட்ஜஸ்ட் காலிலிருந்து பூமிக்கு 10 மைக்ரோஃபாரட் வைத்தால் இரைச்சல் நான்கில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கும், ரிப்பிள் (உள்ளே வரும் மின்சாரத்தின் ஏற்ற இறக்கம்) ஒடுக்கமும் 65 டெசிபெல்லிலிருந்து 80-க்கு ஏறும். அதாவது சென்னை ரிச்சி தெருவில் எந்தக் கடையிலும் கிடைக்கும் எல்எம்317 நம் இலக்குக்குள் வந்துவிடுகிறது.

எல்டி3042 போன்ற சிப்கள் 10 ஹெர்ட்ஸ் முதல் 100 கிலோஹெர்ட்ஸ் வரை மொத்தமே 0.8 மைக்ரோவோல்ட் இரைச்சல்தான் தருகின்றன. அற்புதமான சிப், சந்தேகமில்லை. லோக்கல் ஆஸிலேட்டருக்கு நான் அதைத்தான் போடுவேன். ஆனால் முதலில் கட்டும் குறைந்த இரைச்சல் பெருக்கிக்கு (எல்என்ஏ) அது தேவையில்லை. தவறாக லேஅவுட் செய்த எல்டி3042-ஐவிடச் சரியாக லேஅவுட் செய்த எல்எம்317 அமைதியாக இருக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். அந்தச் சிப்பையே எடுத்தால், செட் காலின் கெப்பாசிட்டருடைய பூமி முனை, வெளியீட்டுக் கெப்பாசிட்டரின் பூமி முனையிலேயே போய் முடிய வேண்டும். செட் காலுக்கு 49.9 கிலோஓம் வைத்தால் 5 வோல்ட் கிடைக்கும்.

எந்த ரெகுலேட்டராக இருந்தாலும் அதற்கு முன்னால் சுவிட்சிங் அடாப்டரை நேரடியாக மாட்டாதீர்கள். லீனியர் ரெகுலேட்டர் 100 ஹெர்ட்ஸை நன்றாக ஒடுக்கும், பல நூறு கிலோஹெர்ட்ஸை அவ்வளவாகக் கண்டுகொள்ளாது. இடையில் 10 ஓமும் 470 மைக்ரோஃபாரட்டும் வைத்தாலே பாதிப் பிரச்சினை தீரும். மின்மாற்றியும் டயோடும் கொண்ட பழைய வழங்கியோ 12 வோல்ட் பேட்டரியோ இருந்தால் இன்னும் நிம்மதி.

நெகடிவ் வழங்கி

உண்மையான எதிரி இங்கேதான் உட்கார்ந்திருக்கிறது. நமக்கு வேண்டியது 1 மில்லியாம்பியர்தான், அதனால் எல்லோரும் ஐசிஎல்7660-ஐ எடுக்கிறார்கள்: கெப்பாசிட்டரை மாற்றி மாற்றி இணைத்துப் பாசிடிவ் மின்னழுத்தத்தை நெகடிவாக்கும் பம்ப் சிப் இது. நானும் அதைத்தான் சொல்வேன். எட்டுக் கால், இரண்டு 10 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர், வேலை முடிந்தது. தாங்கும் உள்ளீடு 10 வோல்ட் வரைதான், 12 வோல்ட்டில் மாட்டினால் புகை வரும்.

உள்ளே 10 கிலோஹெர்ட்ஸ் ஆஸிலேட்டர், அது இரண்டாக வகுபட்டு 5 கிலோஹெர்ட்ஸில் பம்ப் ஓடும். 1 மில்லியாம்பியர் இழுத்தால் வெளியீட்டில் 10 மில்லிவோல்ட் அளவு ரிப்பிள் இருக்கும். இதை அப்படியே கேட்டுக்குக் கொடுத்தால் கேரியரின் இருபுறமும் 5 கிலோஹெர்ட்ஸ் தள்ளி அழகான இரட்டைக் கொம்புகள் முளைக்கும். ஆனால் இங்கே 100 ஓமும் 100 மைக்ரோஃபாரட்டும் கொண்ட ஒரே ஒரு வடிகட்டி ரிப்பிளைச் சில பத்து மைக்ரோவோல்ட்டுக்குக் கொண்டுவந்துவிடும், இழப்பு 0.1 வோல்ட்தான். அதற்குப் பிறகு வளையத்தில் ஏற்கெனவே இருக்கும் 4.7 கிலோஓமும் 1 மைக்ரோஃபாரட்டும் மறுபடியும் நூறு மடங்குக்கு மேல் குறைக்கும். கேட்டுக்கு வந்து சேருவது 1 மைக்ரோவோல்ட்டுக்கும் கீழே.

தாளில் இப்படி வரும். போர்டில் வராது, காரணம் பூமி இணைப்பு. பம்ப் ஒவ்வொரு தடவை மாறும்போதும் கூர்மையான மின்னோட்ட முள் ஒன்றைப் பூமித் தடத்தில் தள்ளும். அந்தத் தடத்தையே ஹெம்டின் சோர்ஸும் பகிர்ந்துகொண்டால், கேட்டை எவ்வளவு வடிகட்டினாலும் பயனில்லை. கேட் அசையாமல் நிற்கும், சோர்ஸ் ஆடும், டிரான்சிஸ்டருக்கு இரண்டும் ஒன்றுதான். ஆகவே 7660-ஐயும் அதன் கெப்பாசிட்டர்களையும் போர்டின் ஒரு மூலையில், தனித் தீவாக வையுங்கள். அந்தத் தீவின் பூமி, மின்சாரம் உள்ளே நுழையும் இடத்தில் ஒரே ஒரு புள்ளியில் மட்டும் மற்றதோடு சேரட்டும். பம்புக்கான 5 வோல்ட்டையும் தனியாக ஒரு 78எல்05-இலிருந்து கொடுங்கள். அமைதியான 5 வோல்ட்டிலிருந்து கிள்ளி எடுக்காதீர்கள்.

வரிசையும் வெப்பமும்

நெகடிவ் முதலில், டிரெயின் பிறகு, அணைக்கும்போது தலைகீழ் என்பது ஹெம்ட் உலகின் முதல் பாடம். நம் சுற்றில் 270 ஓம் இருப்பதால் நெகடிவ் வராவிட்டாலும் டிரெயினில் 18 மில்லியாம்பியருக்கு மேல் ஓட வழியில்லை, ஷாட்கி கேட்டைக் காக்கும். அதனால் வரிசைக்கென்று தனிச் சுற்று வேண்டாம். பின்னாளில் 28 அல்லது 50 வோல்ட் காலியம் நைட்ரைடு பவர் டிரான்சிஸ்டருக்குப் போனால் இந்தச் சலுகை கிடையாது. நெகடிவ் இருக்கிறதா என்று பார்த்த பிறகே டிரெயினைத் திறக்கும் சுவிட்ச் அங்கே கட்டாயம்.

வெப்பம்: பிஎன்பி-யின் 0.65 வோல்ட் ஒவ்வொரு டிகிரிக்கும் 2 மில்லிவோல்ட் இறங்கும். அது டிரெயின் மின்னோட்டத்தில் 0.07%. சாதாரண ரிசீவருக்குப் பொருட்டே இல்லை. ரேடியோமீட்டர் கட்டுபவர்களுக்கு மட்டும், ஒரு டிகிரியில் பத்தில் ஒரு பங்கு மாறினாலே பத்தாயிரத்தில் ஒன்று என்ற எல்லை போய்விடும். தீர்வு எளிது: பேஸ் பிரிப்பானில் இன்னொரு பிசி557-ஐ, பேஸையும் கலெக்டரையும் சேர்த்துக் கட்டி, டயோடாகப் போடுங்கள். 5 வோல்ட்டிலிருந்து 3 கிலோஓம் அதன் எமிட்டருக்கு, சேர்த்துக் கட்டிய முனையிலிருந்து பூமிக்கு 1.35 கிலோஓம் அளவு, சேர்த்துக் கட்டிய முனையே முதல் டிரான்சிஸ்டரின் பேஸுக்கு. இரண்டு டிரான்சிஸ்டர்களின் தட்டைப் பக்கங்களையும் ஒட்டவைத்துவிட்டால் ஒன்றின் இறக்கத்தை மற்றது ஈடுகட்டும்.

மைக்ரோவேவ் பக்கம் நுழையும் இடம்

10 கிகாஹெர்ட்ஸில் பயாஸ் கோடு என்பது மெல்லிய கால் அலை நீளத் தடம். ஆர்ஓ4003 போன்ற பலகையில் ஏறக்குறைய 4.7 மில்லிமீட்டர். அதன் நுனியில் விசிறி வடிவ ஸ்டப், அதாவது முனை திறந்த செப்புத் துண்டு. இது மைக்ரோவேவ் சிக்னல் பயாஸுக்குள் கசியாமல் தடுக்கும். ஆனால் ஹெம்டுக்குச் சில நூறு மெகாஹெர்ட்ஸில் பெருக்கம் மிக மிக அதிகம், அங்கே அந்த ஸ்டப்புக்கு எந்தச் சக்தியும் இல்லை. கேட் பக்கம் ஸ்டப்புக்குப் பிறகு 50 ஓமும் 1 நானோஃபாரட்டும் தொடராகப் பூமிக்கு, டிரெயின் பக்கம் தொடராக 10 ஓம் என்று வைத்தால் டிரான்சிஸ்டர் அடங்கி நடக்கும். டிரெயினில் 0.1 வோல்ட் இழப்போம், பரவாயில்லை. பயாஸ் போர்டும் மைக்ரோவேவ் போர்டும் தனித்தனி அறைகளில் இருந்து, இடையில் ஃபீட்-த்ரூ கெப்பாசிட்டர் வழியாகக் கம்பி போவது மிகச் சிறந்தது.

சோதனை

விலை உயர்ந்த ஹெம்டைக் கடைசியில்தான் சால்டர் செய்ய வேண்டும். அதுவரை அதன் இடத்தில் ஒரு ஜே310 ஜேஃபெட்டை மாட்டுங்கள். அதுவும் நெகடிவ் கேட் கேட்கும் சாதனம்தான், விலை குறைவு, கைபட்டாலும் எளிதில் சாகாது. மின்சாரம் கொடுத்து டிரெயினில் 2 வோல்ட் நிற்கிறதா, 270 ஓமில் 3 வோல்ட் விழுகிறதா என்று மல்டிமீட்டரில் பாருங்கள். கேட் நெகடிவ் 1 வோல்ட்டைத் தாண்டிப் போகலாம், ஜேஃபெட்டின் இயல்பு அது. அப்புறம் நெகடிவ் வழங்கியைப் பிடுங்கிவிட்டுக் கலெக்டர் புள்ளி 0.4 வோல்ட்டுக்கு மேல் ஏறவில்லை என்று உறுதிசெய்யுங்கள்.

இரைச்சலை அளக்க ஆஸிலோஸ்கோப் போதாது. அதன் சொந்த இரைச்சலே நம் இலக்கைவிடப் பெரியது. என்இ5534 ஆப்-ஆம்ப் ஒன்றில் ஆயிரம் மடங்கு பெருக்கி, கணினியின் சவுண்ட் கார்டில் கொடுத்து ஸ்பெக்ட்ரம் பாருங்கள். அந்தச் சிப்பின் இரைச்சல் ரூட் ஹெர்ட்ஸுக்கு 4 நானோவோல்ட் அளவுதான். ஒரே நிலையில் ஆயிரம் மடங்கு எடுத்தால் 20 கிலோஹெர்ட்ஸ் வரை சீராக வராது, முப்பது முப்பதாக இரண்டு நிலைகள் வையுங்கள். முதலில் உள்ளீட்டைப் பூமியோடு சேர்த்து அளவிடுங்கள், பிறகு ஒரு பேட்டரி செல்லை, அதற்குப் பிறகே கேட் புள்ளியை. முதல் இரண்டுமே சுத்தமாக இல்லாவிட்டால் பிரச்சினை அளக்கும் கருவியில், பயாஸில் அல்ல. கேட் புள்ளியில் 50 ஹெர்ட்ஸ் தெரிந்தால் பெரும்பாலும் காந்தப்புலம் அல்லது பூமி வளையம், 100 ஹெர்ட்ஸ் என்றால் ரெக்டிஃபையரின் ரிப்பிள், 5 கிலோஹெர்ட்ஸும் அதன் மடங்குகளும் என்றால் பம்ப். 5 கிலோஹெர்ட்ஸ் பக்கத்தில் அகலமான மேடு ஒன்று எழுந்தால், அல்லது இன்னும் கீழே கூர்மையான சிகரம் நின்றால், வளையம் நிலையில்லாமல் இருக்கிறது. டிரெயின் கெப்பாசிட்டரைச் சிறிதாக்குங்கள். ஜேஃபெட்டின் டிரான்ஸ்கண்டக்டன்ஸ் ஹெம்டைவிடக் குறைவு என்பதால் வளையம் அதனோடு சாதுவாக இருந்து, ஹெம்ட் வந்ததும் குறும்பு செய்யலாம். இந்த அளவீட்டை ஹெம்ட் போட்ட பிறகும் ஒருமுறை செய்யுங்கள்.

எல்லாம் சரி என்றால் கையில் மணிக்கட்டுப் பட்டை, பூமியோடு சேர்த்த சால்டரிங் அயர்ன், மின்சாரம் முழுவதும் அணைத்த நிலை. ஹெம்டைப் பொருத்துங்கள். பலவீனமான 10 கிகாஹெர்ட்ஸ் கேரியரை உள்ளே கொடுத்து ஸ்பெக்ட்ரம் அனலைசரில் இருபுறமும் 10 கிலோஹெர்ட்ஸ் அகலத்தைப் பாருங்கள். 5 கிலோஹெர்ட்ஸில் கொம்பு தெரிந்தால் உடனே வடிகட்டியைப் பெரிதாக்கப் போகாதீர்கள். 7660-ஐக் கழற்றிவிட்டு, வடிகட்டிக்குப் பிறகு இரண்டு பேனா பேட்டரிகளைத் தலைகீழாக வைத்து நெகடிவ் 3 வோல்ட் கொடுங்கள். வளையம் தன்னைச் சரிசெய்துகொள்ளும், டிரெயின் மின்னோட்டம் அரை மில்லியாம்பியர் ஏறும், அவ்வளவுதான். இப்போது கொம்பு மறைந்தால் 7660-ஐ மறுபடி மாட்டி, அதன் வெளியீட்டைச் சுற்றில் சேர்க்காமல், தனியாக ஒரு 4.7 கிலோஓம் சுமையோடு சும்மா ஓடவிடுங்கள். கேட் இன்னும் பேட்டரியில்தான் இருக்கிறது. கொம்பு திரும்பி வந்தால் அது வந்த வழி பூமித் தடம், வராவிட்டால் நெகடிவ் கம்பி. முதலாவது என்றால் தீவின் பூமி இணைப்பை வெட்டி வேறு இடத்தில் சேருங்கள். இரண்டாவது என்றால் இன்னொரு 100 ஓமும் 100 மைக்ரோஃபாரட்டும் போதும்.